நாள் தள்ளிப்போனதற்கு வேறொரு காரணம்

1. நான்கு மாதமாக எனக்கு மாதவிடாய் வரவில்லை. வயது முப்பத்து மூன்று.
2. கர்ப்பச் சோதனைக் குச்சியில் ஒரே கோடு. மறுவாரமும் ஒரே கோடு.
3. அலுவலகக் கூட்டத்தில், குளிரூட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தபோது கழுத்திலிருந்து வெக்கை ஏறி முகமெல்லாம் வியர்த்தது.
4. மருத்துவரிடம் போகுமுன் மாமியாரிடம், "நாள் தள்ளிப் போயிருக்கு அத்தை" என்றேன்.

நான்காவது என் பிழை. தமிழ் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு நான் திரும்புவதற்குள் அத்தை தேக்கா சந்தைக்குப் போய் மாங்காயும் மல்லிகையும் வாங்கி வந்திருந்தார். ஒன்பது பேருக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டார்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு பெயர் தெரிந்தது: முன்கூட்டிய சூலகச் செயலிழப்பு (நாற்பது வயதுக்கு முன்பே, கருமுட்டை தரும் சூலகம் தன் வேலையைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவது). எலும்புப் பரிசோதனையில் இடுப்பெலும்பு மெலிந்திருப்பதும் தெரிந்தது. ஹார்மோன் மருந்து எடுக்காவிட்டால் அது மேலும் மெலியும்.

மெனோபாஸ் (மாதவிடாய் நின்றுபோவது) முன்கூட்டியே வந்தது போலத்தான் என்று வீட்டில் சொன்னேன். அத்தை நம்பவில்லை.

"அது எனக்கு வந்ததும்மா. உனக்கு எப்படி வரும்?"

"எனக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு அத்தை. யார் யாருக்குச் சொன்னீங்க? லிஸ்ட் குடுங்க."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் திருப்பிச் சொல்லணும்."

"உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிடவா?"

"வேணாம். மெனோபாஸ்னே சொல்லுங்க. நான் ஒண்ணும் திருடல."

முதல் அழைப்பு ஃபேரர் பார்க் பகுதியிலிருக்கும் அவருடைய தங்கைக்கு. "இல்லடி, அந்தத் தள்ளல் இல்ல. இது வேற தள்ளல்." என் கணவர் சரவணன் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போனார். அந்த வாரத்தில் முதல்முறையாக நானும் சிரித்தேன். ஒன்பதாவது அழைப்பில் அத்தையின் குரல் மாறியிருந்தது. "கஷாயம் கிஷாயம்னு எதுவும் அனுப்பாத. அவளுக்கு டாக்டர் இருக்காங்க" என்று வைத்துவிட்டார்.

டாக்டர் இருந்தார். ஆனால் என் உடம்பில் வேறொரு சிக்கலும் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு நாள்பட்ட களைப்பு நோய் (ஓய்வெடுத்தாலும் தீராமல், சிறிது உழைத்தாலே நாட்கணக்கில் படுக்கையில் தள்ளும் சோர்வு) உண்டு. மருந்துகளையும் உடம்பு தாங்குவதில்லை. அரை சளி மாத்திரைக்கே ஒரு நாள் போய்விடும்.

முதலில் தோலில் ஒட்டும் ஹார்மோன் ஒட்டு கொடுத்தார்கள். வழக்கமான அளவு. இரண்டாம் நாளே படபடப்பும் ஒற்றைத் தலைவலியும். மூன்றாம் நாள் உரித்துப் போட்டேன். பிறகு ஒன்பது நாள் படுக்கை. அலுவலகத்தில் விடுப்பு தீர்ந்தது.

அடுத்த சந்திப்பில் டாக்டரின் திரை என் பக்கம் சற்றுத் திரும்பியிருந்தது. நோயாளி சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"டாக்டர், அதை மாத்துங்க."

"அது சும்மா ரெக்கார்டுக்கு லா" என்று உள்ளூர்ப் பாணியில் இழுத்தார். "மனசுல வச்சுக்காதீங்க."

"அடுத்து வர்ற டாக்டர் அதைத்தானே முதல்ல படிப்பாரு? நான் சிப் ஃபேக்டரில டெஸ்ட் இன்ஜினியர். ஒரு சிப் எரிஞ்சு போச்சுன்னா, சிப் ஒத்துழைக்கலன்னு எழுத மாட்டோம். எவ்வளவு வோல்டேஜ் குடுத்தோம்னுதான் எழுதுவோம்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. மணிவாரியாக எழுதிய தாள்களை மேசைமேல் வைத்தேன்: நாடித்துடிப்பு, தூக்கம், தலைவலி, நடந்த தூரம்.

"இதைவிடச் சின்ன டோஸ்ல பலன் இருக்குமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது" என்றார், தாள்களைப் புரட்டிக்கொண்டே.

"சரி. பெரிய டோஸ்ல நான் எழுந்திரிக்கவே மாட்டேன். அது உறுதி."

வெகுநேரம் படித்தார். பிறகு அந்த வரியை அழித்து, வழக்கமான அளவை உடல் தாங்கவில்லை என்று தட்டச்சு செய்தார். ஒட்டுக்குப் பதிலாகத் தோலில் தடவும் ஜெல், வழக்கமான அளவில் கால் பங்கு. கருப்பையின் உட்சுவர் தடித்துவிடாமல் இருக்க இன்னொரு ஹார்மோன் மாத்திரையும் வேண்டும். அதைத் தவிர்க்க முடியாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார், அது சரிதான். எப்போது தொடங்குவது என்பதை மட்டும் சேர்ந்து முடிவு செய்தோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வாரம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளவைக் குறைக்க ஒட்டை நீங்களாக வெட்டாதீர்கள். சில வகைகளை வெட்டினால் மருந்து வெளியேறும் அளவே மாறிவிடும். உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, நாற்காலியிலிருந்து எழாமல் இருந்தால் போதும்.

ஜெல்லிலும் இரண்டு முறை பின்வாங்கினேன். அளவைக் கூட்டிய வாரம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பழைய அளவுக்குத் திரும்பி, ஒரு மாதம் கழித்து மீண்டும் முயன்றேன். என் வயதுத் தோழிகள் ஆண்டுக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். நான் பதினான்கு பதினான்கு நாள்களாகத் திட்டமிடுகிறேன். மெனோபாஸைப் பற்றி வீட்டில் நானும் அத்தையும் சமமாகப் பேசுகிறோம். சரவணனுக்குப் புரிவதில்லை.

இன்றைய நிலை இது. சிகிச்சையின் பதினோராவது மாதம். வழக்கமான அளவில் பாதியை உடம்பு தாங்குகிறது. மாத்திரையும் தொடர்கிறது. வெக்கை குறைந்திருக்கிறது. களைப்பு குறையவில்லை. வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறேன். குழந்தையைப் பற்றி நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தப் பாதி அளவு எலும்புக்குப் போதுமா என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும். மருந்தை நான் நிறுத்தவில்லை.