நாயாற்று வாய் மூடிய மாசி

எங்கள் ஐயாவின் வத்தை நாயாற்றுக் களப்புக்குள் அகப்பட்டுவிட்டது என்ற செய்தியோடுதான் அந்த மாசி மாதம் தொடங்கியது. வத்தை என்றால் பாய் கட்டி ஓடும் பெரிய சரக்குத் தோணி. முல்லைத்தீவுப் பக்கத்து மரமும் விறகும் ஏற்றி யாழ்ப்பாணம் போய், புகையிலையும் வெங்காயமும் கொண்டு திரும்பும். களப்பு என்கிற உப்பங்கழியிலிருந்து கடலுக்குப் போகும் ஆற்றுவாய் மாரியில் உடைத்துக்கொள்ளும். மழை ஓய்ந்து சில காலத்தில் மணல் ஏறி மூடிவிடும். அந்த முறை முன்கூட்டியே மூடிவிட்டதாம்.

“வத்தையைத் தனிய விடேலாது. எல்லாரும் அங்கை போய் இருப்பம்” என்றார் ஐயா.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா தண்ணீருக்குப் பயந்தவர். வத்தையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் மறுபேச்சில்லாமல் சட்டிபானையைக் கட்டத் தொடங்கியது எனக்கு விளங்கவில்லை. முந்தின மாதம்தான் வீட்டில் ஒரு தம்பி பிறந்து, ஒரு கிழமைகூட இருக்காமல் இறந்துபோயிருந்தான். அதன்பிறகு அம்மா அறைக்குள் படுக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் எல்லோரும் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார்.

வத்தையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மணல் பரப்பிய தகரத்தில் அடுப்பு எரிந்தது. சரக்குக் கிடங்கில் பாய் விரித்துப் படுத்தோம். குடிதண்ணீர் எடுக்கக் கரைக்குப் போகும் சின்ன வள்ளம் மற்ற நேரமெல்லாம் அண்ணனுக்கும் எனக்கும்தான். கண்டல் மரங்கள் மூடிய திட்டுகள் களப்பெங்கும் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஓடிய வாய்க்கால்களில் அண்ணன் கம்பு ஊன்றுவான். நான் முன்னால் இருந்து வழி சொல்வேன். போன வழியால் திரும்பி வந்தால் வேறொரு திட்டில் நிற்போம். எந்தத் திட்டு எங்கே போனது என்று இருவரும் சண்டை பிடிப்போம்.

“கிழக்குப் பக்கம் போகப்படாது” என்று ஐயா சொல்லியிருந்தார். ஒருநாள் திட்டுகளுக்குள் கிழக்கு எதுவென்று குழம்பி, கிழக்கே போய்விட்டோம்.

திடீரென்று அண்ணனின் கம்புக்கு அடி எட்டவில்லை. தண்ணீர் வள்ளத்தை இழுத்தது. கண்டல் முடிந்தது, முன்னால் வெள்ளையாக அலை உடைந்தது. அண்ணன் கம்பைப் போட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டான். கரையோரம் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவந்து, கயிறொன்றை எறிந்து எங்களை இழுத்தெடுத்தார்.

“ஆரின்ரை பிள்ளையள்? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கடலுக்குள்ளைதான்!”

“ஆத்துவாய் மூடியெல்லோ கிடக்குது?” என்றான் அண்ணன்.

“ஆர் சொன்னது? நேற்றும் ரெண்டு வத்தை வெளியாலை போனது.”

அவரே எங்களைத் திட்டுகள் வரை கொண்டுவந்து விட்டார். வத்தையில் ஏறும்போதே அண்ணன் கத்தினான். “ஐயா, வாய் திறந்து கிடக்குது! நாங்கள் கண்ணாலை பாத்தனாங்கள்!”

வத்தையின் பாயைத் தைத்துக்கொண்டிருந்த ஐயாவின் கை நின்றது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார்.

“அது வாய் இல்லை மோனை. மழைக்கு உடைச்ச சின்ன வெட்டு. அதுக்குள்ளாலை வத்தை போகாது” என்றார் அம்மா.

அம்மா வத்தையை விட்டு ஓரடி நகர்ந்தவர் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

“ஓம், சின்ன வெட்டுத்தான்” என்றார் ஐயா. எங்களுக்கு அடியும் விழவில்லை.

அடுத்த நாள் அம்மா, “நானும் வாறன்” என்று வள்ளத்தில் இறங்கினார். இரண்டு பக்கப் பலகையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒடுக்கமான வாய்க்கால் ஒன்றுக்குள் போனபோது திரளி மீனொன்று துள்ளி அவர் மடியில் விழுந்தது. அம்மா பயந்து குழறினார். பிறகு சிரித்தார். சிரிப்பு எங்கேயோ திரும்பி அழுகையாகிவிட்டது. மீன் மடியில் துடிக்கத் துடிக்க, அழுகையும் சிரிப்பும் மாறிமாறி வந்தன. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அம்மா, மீனை வைக்கிறதோ விடுறதோ?” என்று கேட்டான் அண்ணன்.

“விடு ராசா” என்றார்.

அதன்பிறகு அம்மா தினமும் வந்தார். பங்குனி முடியும்போது, அரிசி களைந்துகொண்டே, “இனி வீட்டை போவம்” என்றார். ஐயா அப்போதே படுக்கைப் பாய்களைச் சுருட்டத் தொடங்கினார். ஆனால் அதற்குள் ஆற்றுவாய் உண்மையாகவே மூடியிருந்தது. வத்தையை அங்கேயே விட்டுவிட்டு மாட்டுவண்டியில் வீடு போனோம். அம்மா அன்றிரவு அறைக்குள் படுத்தார். வத்தை மாரி வரும்வரை களப்பில் கிடந்தது. ஐயா அவ்வளவு காலமும் காட்டில் கூலிக்கு விறகு வெட்டினார். ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை.

எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கஷ்டம் வந்திருக்குமா என்று அண்ணனும் நானும் பேசிக்கொண்டோம். கண்முன்னால் கிடந்த ஆற்றுவாய் ஐயாவுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று எனக்குப் பெரிய கவலை. அடுத்த முறை வத்தை புறப்படும்போது, வழி சொல்ல நானும் கூடப் போவதென்று முடிவு செய்துகொண்டேன்.