கடல் மீனுக்கு நல்ல தண்ணீர்

எங்கள் வீடு வல்வெட்டித்துறையில். கதவைத் திறந்தால் கடல். அதனால் என் கணவர் ஆசைப்பட்டுக் கடல் மீன் தொட்டி வைத்தபோது, தண்ணீர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன்.

வெக்கைக்குத் தொட்டித் தண்ணீர் வற்றி இறங்கும். இறங்க இறங்க நான் வாளியோடு போய்க் கடல் தண்ணீர் அள்ளி வந்து நிரப்புவேன். கடல் மீனுக்கு வேறெதை ஊற்றுவதாம்?

ஒரு நாள் காலை பார்த்தால், கோடு போட்ட இரண்டு குட்டி மீன்களும் அடியில் சாய்ந்து கிடந்து மூச்சு வாங்குகின்றன. தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டுத் தண்ணீரை நாக்கில் வைத்தேன். கடலை விடக் கரித்தது! வற்றியது தண்ணீர் மட்டும்தான். உப்பு முழுவதும் உள்ளேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் நான் வேறு வாளி வாளியாய் உப்பு ஊற்றியிருக்கிறேன்.

"இஞ்சரப்பா, ஓடி வாங்கோ! மீனை உயிரோடை கருவாடாக்கிப் போட்டன்!"

அவர் மீன் விற்ற கடைக்குப் போன் எடுத்தார். "தொட்டித் தண்ணியிலை கொஞ்சத்தை எடுத்திட்டு, வடிகட்டின குடிதண்ணியை மெல்ல மெல்ல விடட்டாம். அவசரப்படாதை" என்றார். பகல் முழுக்கக் கோப்பை கோப்பையாய் அதைத்தான் செய்தேன். பின்னேரம் இரண்டும் மேலே வந்து தீனிக்கு வாய் திறந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது கண்ணாடியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தண்ணீர் அதற்குக் கீழே வற்றினால் குடிதண்ணீர்தான் விடுகிறேன்.

"கடல் மீனுக்கு நல்ல தண்ணியோ?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கிறா.

"ஏன் அக்கா, கடலிலை மழை பெய்யிறேல்லையோ?"