பிலோமினா அக்கா எழுதிய சொல்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரசபையில் ஒரு டெர்மினுக்காக, முன்பே குறித்த சந்திப்புக்காக, எண் சீட்டோடு காத்திருந்தபோது ஜெனியின் அழைப்பு வந்தது. ஜெனி, பிலோமினா அக்காவின் மகள். "அங்கிள், அம்மா விடிய மோசம் போயிட்டா" என்று இறந்த செய்தியைச் சொன்னாள். என் எண் திரையில் வந்து போனது. நான் எழும்பவில்லை. சற்று நேரத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதினார்கள்: "எங்கட லீவு அக்கா போட்டா. ஆழ்ந்த அனுதாபங்கள்." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கைபேசியை நிலத்தில் அடித்திருப்பேன். ஆத்திரம் எழுதியவர் மேல் அல்ல. அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

அக்கா மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். அகதியாக இங்கே வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்தே ஓய்வு பெற்றார். இடைவேளைகளில், துணி மடிக்கும் மேசையில் கொப்பியை விரித்து, பழைய அமெரிக்கச் சிறுகதைகளைத் தமிழில் எழுதுவார். வட்டத்தின் செயலாளர் நான். அவர் எழுதியதைத் தட்டச்சு செய்து நகலெடுப்பது என் வேலை. மாதத்துக்கு ஒரு கதையை அவரே சபையில் வாசிப்பார்.

கதையை எழுதியவரின் பெயரை வாசித்து முடியும்வரை சொல்லமாட்டார். "பேரைச் சொன்னால் பேருக்குக் கை தட்டிப்போட்டுப் போயிடுவியள்" என்பார். ஒருநாள் ஓர் அண்ணை எழும்பி, "இதென்ன பிள்ளை, மாப்பிள்ளையை ஒளிச்சு வைச்சுக் கலியாணம் செய்யிற மாதிரி?" என்று கேட்டார். "மாப்பிள்ளையைப் பாத்தோ அண்ணை நீங்கள் பந்தியில இருக்கிறனீங்கள்?" என்றார் அக்கா. சபை சிரித்து அடங்கக் கனநேரம் எடுத்தது.

ஏன் அமெரிக்கக் கதைகள் என்று நானும் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதிலைக் குறித்து வைத்திருக்கிறேன். "அரசன் இல்லாத நாடு எண்டு அவைக்குப் பெருமை. அதாலதான் அவையின்ர எழுத்துக்காரர் அரசனை வேற இடங்களில தேடினவை. வீட்டுக்குள்ள, வயலுக்குள்ள, ஊர்க்கூட்டத்துக்குள்ள. தேடின இடமெல்லாம் ஆள் இருந்திருக்கிறான்." அடிமையின் முதுகில், மனைவியின் மௌனத்தில், எல்லோரும் கை உயர்த்தும்போது தனியே கை உயர்த்தாமல் நிற்கிறவனின் நடுக்கத்தில் கொடுங்கோன்மையைப் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தந்தவர் அவர். நான் படித்த பேராசிரியர்கள் எவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் அவர் கொண்டுவந்த கதை ஓர் ஆலை நகரத்தைப் பற்றியது. முதலாளி நல்லவர். பள்ளியும் கிணறும் கொடுத்தவர். அவருடைய மணி அடித்தால் நகரமே நின்ற இடத்தில் நிற்கவேண்டும். ஒரு தையல்காரி மட்டும் ஏன் என்று கேட்கிறாள். முதலாளி படியில் நின்று ஊரைப் பார்த்துச் சொல்கிறார்: "உங்களுக்கு விடுதலை தந்தவன் நான். அந்த விடுதலையைப் பற்றிக் கேள்வி கேட்க இவள் யார்?" அதன்பிறகு அவள் வீட்டுக் கதவை வெளியே நின்று பூட்டுவது முதலாளி அல்ல, அவளுடைய அயலவர்கள்.

வாசிப்புக்கு முதல்நாள் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. மண்டபத்தை எங்களுக்கு எடுத்துத் தருகிறவர்; கதையை முதலிலேயே வாங்கிப் பார்த்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. "தம்பி, விடுதலை எண்ட சொல்லை அந்த முதலாளியின்ர வாயில வைக்கக்கூடாது. எங்கட பிள்ளையள் போராடிச் செத்த சொல்லு அது" என்றார். சரி என்று சொல்லி வைத்தேன். அக்காவிடம் கேட்டால் மறுப்பார் என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட லீவை விடுதலை என்றுதானே சொன்னோம், பொருள் ஒன்றுதானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, விடுதலை வந்த இடமெல்லாம் லீவு என்று போட்டு நகலெடுத்தேன். மூளை கெட்ட வேலை!

அடுத்தநாள் அக்கா அந்த நகலைக் கையில் வைத்து வாசித்தார். "உங்களுக்கு லீவு தந்தவன் நான். அந்த லீவைப் பற்றி..." சபை வெடித்துச் சிரித்தது. அக்கா நிறுத்தினார். தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு பிழை வந்திட்டுது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி, சரியான சொல்லோடு அந்த வரியைத் திரும்ப வாசித்தார். சிரிப்பு அறுந்தது. நாலு பேர் எழும்பினார்கள். ஒருவர், "ஆரைப் பகிடி பண்ணுறியள்?" என்று கத்தினார். "அந்தச் சொல்லுக்கு நானும் ஒரு தம்பியைக் குடுத்தனான், அண்ணை" என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "அதில எனக்கும் பங்கிருக்கு. போறதெண்டால் போங்கோ. உங்களை ஒருத்தரும் மறிக்கேல்லை. அதைத்தான் கதையும் சொல்லுது." கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் அமர்ந்தார்.

பிழை அவருடையது என்றே எல்லோரும் நம்பினார்கள். தமிழ் சரியாகத் தெரியாதவர் மொழிபெயர்க்க வெளிக்கிட்டால் இப்படித்தான் என்று கதைத்தார்கள். லீவு அக்கா என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது. கலியாண வீடுகளில் அவர் காதுபடவே சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் மண்டபமும் போகும், செயலாளர் பதவியும் போகும் என்ற பயம். அக்கா ஒருமுறைகூட என் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த மாதமும் கொப்பியை என்னிடமே தந்தார்.

போன மாசி மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். இன்றைக்குச் சொல்லித் தீர்ப்பது என்ற முடிவோடுதான் போனேன். "அக்கா, அந்தக் கதையில..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குச் சொல்லாதேங்கோ, தம்பி. எனக்கு அண்டைக்கே தெரியும். தெரியாதவைக்குச் சொல்லுங்கோ."

"எல்லாரும் என்ன நினைப்பினம், அக்கா?"

"பாத்தியளே," என்று சிரித்தார். "அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. ஆலை முதலாளி உங்களுக்குள்ளயே இருக்கிறார்."

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்குக் கொடுக்கும் நினைவு மலரில் எழுதித் தரும்படி ஜெனி கேட்டாள். "அந்தப் பழைய பிரச்சினை வேண்டாம் அங்கிள்" என்றும் சொன்னாள். பிள்ளை என்னை மன்னிக்கட்டும். தெரியாதவர்களே, கேளுங்கள். பிலோமினா அக்கா விடுதலை என்றுதான் எழுதினார். எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தமிழ் தெரிந்தவர் அவர். பயத்தில் அதை லீவு ஆக்கி, ஏழு வருடம் அவரைப் பார்த்து ஊரைச் சிரிக்கவிட்டு நின்றவன் நான்.

இதை வாசித்ததும் எனக்குத் தொலைபேசிகள் வரும். வரட்டும். எடுத்து, "ஓம், நான்தான்" என்று சொல்லுவேன். அக்காவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதுவும் அவர் போனபிறகு.