கைமாற்றாக வந்த தோட்டா

வவுனியாவில் நான் இரசாயனவியல் கற்பிக்கும் பாடசாலை வாசலுக்குச் செய்தி வந்தது. கொண்டுவந்த உறவினர் முதலில் "விதி, பிள்ளை" என்றார். அதன் பிறகுதான் தர்மபுரத்தில் அண்ணரைக் காட்டுப்பன்றி இடித்துவிட்டது, அவர் இறந்துவிட்டார் என்றார். செத்தவீட்டிலும் எல்லோர் வாயிலும் அந்தச் சொல்தான். அண்ணரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் படிக்கப்போகும் இந்த அஞ்சலியில் அதை நான் ஏற்கப்போவதில்லை.

அண்ணர் சிவபாதம் யாழ்ப்பாணத்தில் பார்த்த கடைக் கணக்குவேலையை விட்டு, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணிக்கு வந்தவர். காடு வெட்டி வயலாக்கினார். நெல் பால் பிடிக்கும் காலத்தில் பன்றிகள் வந்தன. அனுமதி பெற்று ஓர் ஒற்றைக்குழல் துவக்கு வாங்கினார். அனுமதிக்குக் கிடைக்கும் தோட்டா ஒரு போகத்துக்கே போதாது. ஆகவே, வெடித்த தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கோதுகளில் அங்குள்ளவர்கள் திரும்பவும் மருந்தடைத்துப் பாவித்தார்கள்.

விடுமுறைக்குப் போகும்போது அவர் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வெடிக்கும்போது கோது அந்தத் துவக்கின் அளவுக்கு வீங்கிவிடும். பிறகு இறுக்கமான இன்னொரு துவக்குக்குள் அது இறங்காது. கிளிநொச்சியில் கடைந்து எடுத்த இரும்பு வளையத்துக்குள் தட்டி இறக்கி அதை ஒடுக்குவார். அப்படியும் சரிவராத வெற்றுக் கோதில் விளக்குச் சிம்னிக் கரியைத் தடவி, துவக்குக்குள் மெல்லச் செருகி எடுப்பார். கரி அழிந்த இடம்தான் வீக்கம். மேற்பக்கம் என்றால் இன்னொருமுறை வளையத்தில் தட்டினால் போதும். அடி விளிம்பை ஒட்டி வீங்கியிருந்தால் வளையம் அங்கே எட்டாது, அதை எறிந்துவிடுவார். ஒருமுறை, வளையத்தில் இறக்கவிருந்த கோதுக்கு நான் எண்ணெயை அள்ளிப் பூசிக் கொடுத்தேன்.

"கனக்கப் பூசினா நெளியும், காணாட்டிச் சிக்கும். இது உன்ரை தலை இல்லையடி" என்றார்.

பக்கத்து வயல் நல்லதம்பியருடையது. அரிசி, சீனி போலத் தோட்டாவும் அங்கே கைமாற்றுத்தான். வாங்கிய அளவு திரும்பி வரும். வாங்கியவையே திரும்பி வருவதில்லை.

"இது ஆரின்ரை துவக்கிலை வெடிச்சது, நல்லதம்பி?" என்று அண்ணர் ஒருநாள் கேட்டார்.

"பித்தளை பித்தளைதானே, அண்ணை. சாதகம் பாத்தே தோட்டா வாங்குவியள்?"

அண்ணர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லதம்பியர் போனதும் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"முகத்துக்கு நேரை வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை? விடிஞ்சா அவன்ரை முகத்திலைதானே முழிக்கோணும்."

அண்ணர் இறந்த அன்று விடியும்போது பன்றிகள் இறங்கியது நல்லதம்பியரின் வயலில். கூப்பிட்டதும் அண்ணர், துவக்கில் போட்டிருந்த ஒரே தோட்டாவோடு ஓடியிருக்கிறார். வெடி பட்ட பன்றி அவர் மேலேயே திரும்பியது. நல்லதம்பியர் தன் மடியிலிருந்த தோட்டாவை எடுத்து நீட்டினார். அது முழுதாக இறங்கவில்லை. துவக்கு மூடவில்லை. அதை இழுத்தெடுக்கவும் நேரம் இருக்கவில்லை.

செத்தவீட்டில் இதை நல்லதம்பியரே கையை ஆட்டிச் சொன்னார்: "கொஞ்சம் இறுக்கம். இன்னும் ஒருக்கா அமத்தியிருந்தாப் போயிருக்கும். அவரின்ரை விதி."

அடி வீங்கிய கோதுக்கு விதி என்று பெயர் வைத்தால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாழ்ந்த அண்ணர் மீதும் எனக்குக் கோபம்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று நல்லதம்பியர், லேஞ்சிக் கைக்குட்டையில் கட்டிய முடிச்சொன்றோடு வந்தார். அண்ணரின் மனைவி, என் மச்சாள் பூமணி, எழுந்து நின்றார்.

"அண்ணையிட்டை வாங்கின தோட்டா, அக்கா. செத்தவையின்ரை கைமாற்றை வைச்சிருக்கப்படாது."

முடிச்சு அவிழ்ந்தது. ஒரு தோட்டாவின் அடி விளிம்புக்கு மேலே புதிதாக உராய்ந்த பளபளப்பு வட்டமாகத் தெரிந்தது. அன்று அண்ணரின் துவக்கில் இறுகி, பிறகு நெம்பி எடுத்த தோட்டா அது. அதையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார். மச்சாள் பழக்கத்தில் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம். கொண்டுபோங்கோ."

"என்ன பிள்ளை, கோவமே?"

"ஓம்."

அவர் முடிச்சைக் கட்டிக்கொண்டு படலையைத் தாண்டும்வரை பார்த்து நின்றேன்.

அண்ணர், உங்கள் வளையத்தில் இருந்த கரியைத் துடைத்து யன்னலில் வைத்திருக்கிறேன். இனி யாருடைய கோதும் அதற்குள் போகாது. நீங்கள் சொல்லாமல் விட்ட சொல்லை உங்கள் வீட்டில் நின்று சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.