சவிரி அண்ணையின் பயம்

சவிரிமுத்து அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் விற்பனை விளம்பரத்துக்காக எங்கள் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம். "அப்பா போன கிழமையும் உங்கட வீட்டைப் பற்றித்தான் கேட்டவர், அக்கா" என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னே பயம் வந்தது. அந்த வீட்டில் என்ன பிழை என்று எங்கள் ஆட்களில் எங்களைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் நகரத்தின் கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு டெப்பனர் மூலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய வீட்டுக்கடன் அலுவலகத்தை இதை வாசிக்கும் பலர் அறிவீர்கள். ஆறு வருஷம் அங்கே கோப்புகள் தயாரித்தவள் நான். நகரத்தில் வாங்க வழியில்லாமல் கிராமப்புறம் தேடிப் போகும் எங்கள் ஆட்களுக்கு, சிறிய முற்பணத்தோடு கிடைக்கும் அரசாங்கக் காப்புறுதிக் கடன்தான் கதி. "அரசாங்கமே பிணை நிக்குது, பிறகென்ன அண்ணை?" என்பார்கள், ஊரில் மச்சான் பிணை நின்ற ஞாபகத்தில். அண்ணை பேனையை மூடி வைப்பார்.

"தம்பி, அது வங்கிக்குத்தான் பிணை. உமக்கில்லை. நீர் கட்டாட்டி வங்கிக்குக் காசு போகும். பேந்து உம்மைத் தேடி வருவினம்."

வந்தவர்களின் முகம் கறுத்துப் போகும். சிலர் படியிறங்கி நேரே வேறு முகவரிடம் போனார்கள். 'பயந்தாங்கொள்ளிச் சவிரி' என்று பட்டமும் வைத்தார்கள். பிழைக்கத் தெரியாத மனுசன் என்று நானே மனத்துக்குள் எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

பிறகு எங்கள் முறை வந்தது. ஒரு மார்கழிக் கடைசியில், நகரத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், ஆற்றோரக் கிராமம் ஒன்றில் வீடு பார்த்தோம். முழங்காலளவு பனி. என் கணவர் ராசனுக்குத் துறைமுகப் பக்கம் களஞ்சியம் ஒன்றில் வேலை. சொந்த வீடு என்றதும் அவருக்குத் தூரம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. எங்களோடு வந்த அண்ணை குசினியைப் பார்க்கவில்லை, சுவரைத் தட்டவில்லை. நேரே நிலக்கீழ் அறைக்கு இறங்கினார்.

"பிள்ளை, இஞ்ச வா."

பிளக் குத்தும் பெட்டிகள் எல்லாம் என் நெஞ்சளவு உயரத்தில் இருந்தன.

"ஏன் இவ்வளவு உயரத்தில வைச்சிருக்கினம்? இஞ்ச தண்ணி வந்திருக்கு. பனி கரையட்டும். சித்திரையில வந்து பாப்பம்."

"பேய்க்கதை கதையாதையுங்கோ அண்ணை. தையில பால் காய்ச்சோணும். சித்திரைக்குள்ள வேற ஆரும் வாங்கிப்போடுவினம்" என்றேன்.

"சித்திரையும் நல்ல மாதம்தானே? உங்கட பிள்ளையார் மூண்டு மாதம் பொறுக்கமாட்டாரோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிறிஸ்தவரான அவரைப் பார்த்து, வேதக்காரருக்கு எங்கள் நாள் நட்சத்திரம் என்ன தெரியும் என்று வாய்க்கு வந்தபடி கதைத்தேன். அவர் சிரித்தார். ஆனால் எங்கள் கடன் கோப்பை வங்கிக்கு அனுப்ப மறுத்துவிட்டார். நாங்கள் வேறொருவரிடம் போனோம், கடன் சரிவந்தது. உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு முன் கையெழுத்து வைத்து, நல்ல நாளில் பாலும் பொங்கியது. அண்ணையின் அலுவலகத்து வேலையையும் அந்த மாதமே விட்டேன். ஆறு வருஷம் அவர் சொன்னதையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்டவள் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

இரண்டாம் வருஷம் சித்திரையில் ஆறு வீட்டுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக் காப்புறுதி வெள்ளத்துக்குச் செல்லாது என்று கடிதமும் வந்தது. யார் சொல்லி அறிந்தாரோ, அண்ணை முழங்கால்வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். 'நான் அப்பவே சொன்னன்' என்று ஒரு வார்த்தை வரவில்லை. ராசனோடு சேர்ந்து நனைந்த மெத்தைகளைத் தூக்கி வெளியே போட்டார். வெளிக்கிடும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

"இது கடைசித் தரமில்லை, பிள்ளை. விக்கிறதெண்டா, வாங்கிறவைக்குச் சொல்லிப்போட்டு வில்லு."

ஓம் என்றேன். ஆனால் அவர் இறந்த அன்று படம் எடுத்துப் போட்ட அந்த விளம்பரத்தில் வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் நான் எழுதவில்லை.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள், வீடு பார்க்க ஓர் இளம் சோடி வந்தது. அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. வெளியே பனி மூடிக் கிடந்தது. ராசன் என் காதுக்குள் சொன்னார்: "கேட்டாச் சொல்லுவம். கேக்காட்டி ஏன் வாயைக் குடுப்பான்? இதை விட்டா நாங்கள் இதுக்குள்ளதான் கிடக்கோணும்."

அவர்கள் கேட்கவில்லை. "அரசாங்கக் காப்புறுதியோட கடன் கிடைக்குமாம் அக்கா. பயப்பிட ஒண்டுமில்லையாம்" என்றாள் அவள். நிலக்கீழ் அறைக்கு இறங்கி, மூலையில் நின்று கையால் அளந்தாள்.

"இதில தொட்டில் போடலாம், என்னப்பா?"

"தங்கச்சி, இஞ்ச ஆறு வாறது. இப்ப நீர் நிக்கிற இடத்தில தண்ணி இடுப்பளவுக்கு நிண்டது" என்றேன். ராசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மட்டும் காருக்குள் ஏறுமுன் திரும்பிப் பார்த்தாள்.

விளம்பரத்தையும் திருத்திவிட்டேன். அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. சவிரி அண்ணையிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அவருடைய பயம் ஒன்றுதான். அந்தப் பயம் மற்றவர்களுக்காகப் பட்டது என்று இப்போதுதான் விளங்குகிறது. பங்குனி பிறந்துவிட்டது. இன்று காலை ஆற்றில் பனிக்கட்டி வெடிக்கும் சத்தம் கேட்டது. கிழமைக்கணக்கில் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காத ராசன் எழும்பி நிலக்கீழ் அறைக்குப் போய், அரிசி மூட்டையை மேலே தூக்கிக்கொண்டு வந்தார்.