வேலிக்குள் ஓர் ஊற்று

மைசூர் ரயிலடியில் ஆஸ்திரேலியக் குதிரைகள் இறங்குகின்றன. நான் விலை பேசி வாங்கி, கப்பலில் கூடவே இருந்து கொண்டுவந்தவை. ஒரு செந்நிறக் குதிரை மடமடவென்று தண்ணீர் குடிப்பதைப் பார்த்து லாயத்து முனுசாமி சிரிக்கிறார்.

“இதோட ஊருல தண்ணியே இல்லியா சாமி?”

“நடுப் பாலைவனத்துல ஒரே ஊத்து. அதைச் சுத்தித்தான் ஊரே வந்தது. வெள்ளைக்காரங்க வேலி போட்டுட்டாங்க.”

“ஹௌதா, அப்படியா! முன்னாடி யாரோடது?”

“அங்கேயே காலங்காலமா இருந்த கறுப்பு ஜனங்களோடது. இப்போ வேலிக்கு வெளியே நிக்கறாங்க.”

இத்தனை வயதுக்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? மீதியையும் சொல்கிறேன். கைக்குழந்தையோடு அந்த ஜனங்களில் ஒருத்தி வேலி வழியே தகரக் குவளையை நீட்டினாள். ஊற்றுக் காவலாள் என் முகத்தைப் பார்த்தான். முதலில் குதிரைகளுக்கு என்றேன்.

முனுசாமியின் சிரிப்பு நின்றுவிடுகிறது.

“அப்புறமாச்சும் அந்தம்மா குடிச்சாங்களா?”

நான் நின்று பார்க்கவில்லை.