பெருக்கல் குறி

மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு முட்டை. ஒன்றுகூடப் பொரியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. குரோம்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் அம்மா செம்பருத்தித் தொட்டியைக் கிளறியபோது மண்ணுக்குள் வெள்ளையாகத் தெரிந்தன. பாம்பு முட்டை என்று அம்மா அலறினாள். எனக்குத் தெரியும், முந்தின நாள்தான் அந்தத் தொட்டியில் ஓணான் குழி பறித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஓணானைக் கண்டாலே கல்லைத் தேடுவார்கள். பதினோரு குட்டிகளையும் பொரியவைத்து, எவன் கையிலும் சிக்காத இடத்தில் விடுவதென்று முடிவு செய்தேன்.

எப்படி என்று அம்மாவின் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஐஸ்கிரீம் டப்பாவில் ஈர மணல். கோழி முட்டை மாதிரி இதைத் திருப்பவே கூடாது, திருப்பினால் கரு செத்துவிடும். எது மேல்பக்கம் என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். டப்பாவை மூடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கதகதப்பில் வைத்தேன். பொரியும்வரை நானும் திறப்பதில்லை என்று முடிவு. தொடாதீர்கள் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். மாமாவிடம் சொல்லவில்லை. அவரோடு காய் விட்டிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை கிடைத்து எங்கள் வீட்டோடு வந்து தங்கினார். என் கட்டிலைத் தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு விரலை நீட்டி, பழம் விடச் சொல்லிக் கெஞ்சுவார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். முட்டை வந்த கொஞ்ச நாளில் விரல் நீட்டுவதையும் நிறுத்திவிட்டார். திமிர்தானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு லீவு நாளில் சீக்கிரம் விழித்துவிட்டேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மாமா உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"யாரு உன்னத் தொடச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நீதான பாப்பா பெருக்கல் போட்டு வெச்ச? காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா திருப்பிக்கினுதான் கீறேன். திருப்பலன்னா ஓட்டுல ஒட்டிக்கும்ல?"

அம்மா ஓடிவந்தாள். மஞ்சளாகச் சுருங்கிக் கிடந்த ஒரு முட்டையை ஊக்கால் கிழித்துப் பார்த்தாள். உள்ளே அசைவில்லாமல் ஒன்று சுருண்டு கிடந்தது. கண் மட்டும் கறுப்பாக, பெரியதாக இருந்தது. மற்றவையும் அப்படித்தான். நான் மாமாவின் கையைப் பிடித்துக் கடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"பாப்பா கேட்டுச்சுன்னுதான்க்கா செஞ்சேன்" என்றார் அம்மாவிடம்.

"பொய்! நான் அவன்கிட்ட பேசறதே இல்ல!"

'அவன்' என்றதற்காக அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். கொலைகாரரை விட்டுவிட்டு என்னை அடித்தது எந்த ஊர் நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எத்தனையோ வருடம் கழித்து அவர் பண்ணைக்கு ஒருமுறை போனேன். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்கும் தட்டில் எல்லா முட்டையிலும் பென்சிலால் பெருக்கல் குறி. அடுத்து வருகிறவர் திருப்ப வேண்டும் என்று அர்த்தமாம். அங்கேயே நின்று எரிச்சலில் அழுதேன். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். மாமா பொய் சொல்லவில்லை. அந்தக் குறியைப் பார்த்த நாளிலிருந்து, நான் பழம் விட்டுவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.